படத்தை எந்தக் கோப்பு வகையில் சேமிப்பது?

‘சேவ் ஆஸ்’ பெட்டியைத் திறந்தால் பத்துப் பதினைந்து வகைகள் வரிசையாக நிற்கும். வீட்டுக்கும் சிறு தொழிலுக்கும் அவற்றில் நான்கைந்து தெரிந்தால் போதும். எதைத் தேர்வது என்பது அந்தக் கோப்பு அடுத்து எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது. இன்னும் திருத்த வேண்டிய படமா, அச்சகத்துக்குப் போகிறதா, இணையதளத்தில் ஏறுகிறதா, விண்ணப்பத்தில் 50 கேபிக்குள் அடங்க வேண்டுமா, முப்பது வருஷம் கழித்துப் பேரப்பிள்ளைகள் திறந்து பார்க்க வேண்டுமா? ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு.

அதனால் ஒரு படத்துக்கு ஒரே கோப்பு என்ற பழக்கத்தை முதலில் விட்டுவிடுங்கள். முக்கியமான எந்தப் படத்துக்கும் மூலக் கோப்பு ஒன்று இருக்கட்டும். அதில் தரம் குறையக் கூடாது. திருத்தியதை அதன் மேலேயே சேமிக்கவும் கூடாது. வேலைக்கு ஏற்றபடி அதிலிருந்து நகல்கள் எடுத்துக்கொள்ளுங்கள். நகல் எவ்வளவு சுருங்கினாலும் கவலையில்லை, கெட்டால் மூலத்திலிருந்து இன்னொன்று எடுத்துவிடலாம். மூலமே வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த படமாக இருந்தால் அதற்குப் பிறகு எந்தக் கோப்பு வகையாலும் மீட்க முடியாது.

ஜேபெக் எதைக் கழிக்கிறது

6000 × 4000 பிக்சல் உள்ள கேமரா படத்தில் 2.4 கோடி பிக்சல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட் வீதம், சுருக்காமல் வைத்தால் 72 எம்பி. அதே படம் நல்ல தர ஜேபெக்கில் பத்து எம்பி அளவுக்குள் வந்துவிடும். மீதி எங்கே போயிற்று?

1992-ல் வெளியான ஜேபெக் தரநிலை, படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு எளிதில் பிடிபடாத நுண்ணிய ஏற்ற இறக்கங்களைத் தோராயமாக்கிக் கழித்துவிடுகிறது. வெளிச்ச வேறுபாட்டைக் காண்பதில் இருக்கும் கூர்மை நிற வேறுபாட்டைக் காண்பதில் நம் கண்ணுக்கு இல்லை. அதைப் பயன்படுத்தி, நிறத் தகவலைப் பெரும்பாலான மென்பொருட்கள் அகலத்திலும் உயரத்திலும் பாதியாக்கிவிடுகின்றன. அமைப்புகளில் ‘4:2:0’ என்று காண்பது இதுதான். பாதியாக்காமல் முழுதாக வைப்பது ‘4:4:4’.

முகம், இலை, மேகம், புடவை போன்றவற்றில் இந்தக் கழிவு தெரியாது. எழுத்து, கோடு, லோகோ, வரைபடம் என்று கூர்மையான விளிம்பு வந்தால் உடனே தெரியும்: விளிம்பைச் சுற்றிப் புழுதி படிந்ததுபோல் ஒரு கலங்கல். கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து இருந்தால் நிலைமை மிக மோசம். அங்கே வேறுபாடு நிறத்தில்தான் இருக்கிறது, நிறத்தைத்தான் பாதியாக்கிவிட்டோம்.

ஜேபெக் படத்தைத் திறந்து பார்த்தாலே தரம் குறையும் என்று பலர் நம்புகிறார்கள். குறையாது. பென் டிரைவில் நகலெடுத்தாலும் குறையாது. திறந்து, திருத்தி, மறுபடி ஜேபெக்காகச் சேமிக்கும்போதுதான் கழித்தல் இன்னொரு முறை நடக்கிறது. ஓரத்தை வெட்டினால் கட்டங்களின் எல்லையும் நகர்ந்துவிடும். முன்பு கழித்தது ஓரிடம், இப்போது கழிப்பது வேறிடம். வெட்டு, சேமி, வெளிச்சம் கூட்டு, சேமி, எழுத்துச் சேர், சேமி என்று நான்கைந்து சுற்று போனால் வானத்தில் கட்டங்கள் தெரிய ஆரம்பிக்கும். வேலை முடியும் வரை போட்டோஷாப்பின் பிஎஸ்டி, இலவசப் படத்திருத்த மென்பொருளான ஜிம்ப்பின் எக்ஸ்சிஎஃப், டிஃப் போன்ற ஒன்றில் வைத்திருங்கள். கடைசியில் ஒரே ஒரு முறை ஜேபெக் எடுங்கள். ஜிம்ப் இதைக் கட்டாயமாகவே வைத்திருக்கிறது: ‘சேவ்’ கொடுத்தால் எக்ஸ்சிஎஃப் மட்டும், ஜேபெக் வேண்டுமானால் ‘எக்ஸ்போர்ட்’. முதலில் தொல்லையாகத் தோன்றும் இந்த ஏற்பாடு எத்தனையோ படங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

சாய்ந்து நிற்கும் படத்தைத் திருப்ப மட்டும் வேண்டுமென்றால் இர்ஃபான்வியூ, எக்ஸ்என்வியூ ஆகிய படம் பார்க்கும் மென்பொருட்களில் இழப்பில்லாத ஜேபெக் சுழற்சி என்ற வசதி உண்டு. அது கட்டங்களை அப்படியே இடம்மாற்றி வைக்கிறது. படத்தின் அகல உயரம் 16-ஆல் வகுபடாவிட்டால் ஓரத்தில் சில பிக்சல்கள் போகலாம், அவ்வளவே.

தர எண் விஷயத்தில் ஒரு குழப்பம் நிலவுகிறது. போட்டோஷாப்பில் 0 முதல் 12 வரை, ஜிம்ப்பில் 0 முதல் 100 வரை. ஒன்றின் எண்ணுக்கும் மற்றதன் எண்ணுக்கும் நேரடித் தொடர்பில்லை. அச்சுக்கும் பாதுகாப்புக்கும் 100-க்கு 90 முதல் 95, போட்டோஷாப்பில் 10 அல்லது 11 வையுங்கள். 95-க்கு மேல் கோப்பின் எடைதான் ஏறும், கண்ணுக்குப் பலன் தெரியாது. 100 வைத்தாலும் இழப்பு உண்டு. ஏற்கெனவே 70-ல் சேமித்த படத்தை 98-ல் மறுபடி சேமித்தால் போனது திரும்பாது, பழுதடைந்த படம் கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்ளும். படத்தில் எழுத்தும் இருந்தால் மேம்பட்ட அமைப்புகளில் 4:4:4 தேர்ந்தெடுங்கள்.

ஜேபிஜி, ஜேபெக் என்ற இரண்டு பின்னொட்டுகளும் ஒன்றுதான். பழைய டாஸ் முறையில் மூன்றெழுத்துக்கு மேல் இடமில்லாததால் வந்த சுருக்கம் அது.

எழுத்துள்ள படம்: புள்ளி போனால் பொருள் போகும்

ஸ்கிரீன்ஷாட், லோகோ, வரைபடம், அட்டவணை எல்லாவற்றுக்கும் பிஎன்ஜி. இதன் சுருக்கத்தில் இழப்பே கிடையாது. நூறு முறை சேமித்தாலும் முதல் படம்தான். ஏற்றுமதிப் பெட்டியில் 0 முதல் 9 வரை கேட்கும் சுருக்க அளவு தரத்தைத் தொடாது. 9 வைத்தால் சேமிக்க நேரம் கூடும், கோப்பு சற்றுச் சிறுக்கும். ஒரே நிறப் பரப்பு அதிகமுள்ள ஸ்கிரீன்ஷாட் பிஎன்ஜியில் ஜேபெக்கைவிடச் சிறிதாகவே வருவதுண்டு. புகைப்படமோ நேர்மாறு: நான்கு எம்பி ஜேபெக்கை பிஎன்ஜி ஆக்கினால் இருபது எம்பி பக்கம் போகும்.

பின்னணி இல்லாத லோகோவை ஜேபெக்கில் சேமித்தால் பின்னால் வெள்ளைப் பெட்டி, சில மென்பொருட்களில் கறுப்புப் பெட்டி, வந்து உட்கார்ந்துவிடும். ஜேபெக்கில் ஒளிபுகும் பிக்சலுக்கு இடமில்லை. பிஎன்ஜியில் உண்டு.

தமிழ் ஆவணங்களை ஸ்கேன் செய்கிறவர்கள் இங்கே கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். ‘க’வையும் ‘க்’கையும் பிரிப்பது ஒரு சிறு புள்ளி. சிறிய எழுத்தில் அச்சான பழைய பத்திரிகையை 150 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 150 புள்ளி), தரம் குறைந்த ஜேபெக்காக எடுத்தால் புள்ளி பக்கத்துக் கலங்கலோடு கரைந்துவிடும். மனிதர் வாசித்தால் சூழலை வைத்து ஊகிப்பார். எழுத்துணரி மென்பொருள் தவறாகப் படிக்கும். 300 டிபிஐக்குக் கீழே இறங்காதீர்கள், பொடி எழுத்தானால் 400. சாம்பல் நிறப் பயன்முறையில் எடுங்கள். ஏ4 தாள் 300 டிபிஐயில் 2480 × 3508 பிக்சல். சாம்பலில் சுருக்காமல் சுமார் 8.7 எம்பி, வண்ணத்தில் 26 எம்பி.

வெறும் கறுப்பு வெள்ளைப் பயன்முறையில் அதே தாள் சுருக்குவதற்கு முன்பே 1.1 எம்பிதான். டிஃப் கோப்பில் குரூப் 4 சுருக்கம் வைத்தால் இன்னும் வெகுவாகக் குறையும், இழப்பும் இல்லை. சுத்தமான லேசர் அச்சுக்கு இது அருமை. பழுப்பேறிய தாளில் செய்யாதீர்கள். கறுப்பா வெள்ளையா என்று ஒரு கோடு கிழித்துத்தான் அந்த முறை முடிவெடுக்கிறது. மங்கிய புள்ளி வெள்ளையாகிக் காணாமல் போகும், தாளின் கறை கறுப்பாகிப் புதுப் புள்ளியாக நிற்கும்.

பிடிஎஃப் ஆக்கிவிட்டால் தரம் காக்கப்படும் என்பதும் தவறான நம்பிக்கை. பிடிஎஃப் ஒரு பெட்டி. உள்ளே இருப்பது பெரும்பாலும் ஜேபெக் படம்; ஸ்கேனர் செயலியின் ‘சிறிய கோப்பு’ அமைப்பு அதை மோசமாக நசுக்கியிருக்கலாம். ஜேபிக்2 என்ற சுருக்கம் இன்னொரு ஆபத்து. ஒரேமாதிரித் தோன்றும் எழுத்துகளுக்கு ஒரே அச்சைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி அது இடம் மிச்சப்படுத்துகிறது. 2013-ல் ஜெர்மனியின் டேவிட் கிரீசல், ஒரு நகலெடுக்கும் இயந்திரம் கட்டட வரைபடத்தில் அறைப் பரப்பளவுகளை மாற்றிவிட்டதைக் கண்டுபிடித்து வெளியிட்டார். 6 இருந்த இடத்தில் 8 வந்த உதாரணங்களும் கிடைத்தன. எண்கள் மங்கவில்லை, தெளிவாகவே தவறாக இருந்தன. பத்திரம், பட்டா, கணக்கு ஏடு போன்றவற்றை ஸ்கேன் செய்யும்போது இழப்புள்ள ஜேபிக்2-ஐ அணைத்துவிடுங்கள்; பிறகு எண்களை அசலோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.

விண்ணப்பத்துக்கு 50 கேபி

வங்கித் தேர்வு போன்ற விண்ணப்பங்களில் புகைப்படம் 20 முதல் 50 கேபி, கையொப்பம் 10 முதல் 20 கேபி, இரண்டும் ஜேபெக் என்று கேட்பது வழக்கம். பலர் 3000 × 4000 பிக்சல் செல்போன் படத்தை அப்படியே வைத்துக்கொண்டு தர எண்ணை மட்டும் 5, 3 என்று இறக்குகிறார்கள். முகம் சதுரச் சதுரமாக உடைந்து வருவது அதனால்தான். முதலில் பிக்சலைக் குறைக்க வேண்டும், தரத்தைப் பிறகு.

மூலப் படத்தைத் திறந்து, கேட்ட விகிதத்தில் வெட்டுங்கள். அறிவிப்பில் பிக்சல் அளவு இருந்தால் (200 × 230 பரவலாகக் கேட்கப்படுகிறது) அந்த அளவுக்கே சுருக்குங்கள். 3.5 × 4.5 செ.மீ. என்று மட்டும் சொல்லியிருந்தால் 300 டிபிஐ கணக்கில் 413 × 531 பிக்சல். பிறகு தரம் 90-ல் ஜேபெக்காக ஏற்றுமதி செய்து எடையைப் பாருங்கள். 50-ஐத் தாண்டினால் 85, 80 என்று இறங்குங்கள். 20-க்குக் கீழே போனால் 95, 100 என்று ஏறுங்கள். ஒவ்வொரு முயற்சியும் மூலத்திலிருந்தே தொடங்க வேண்டும், போன முறை சுருக்கியதிலிருந்து அல்ல.

கையொப்பத்தில் தொல்லை தலைகீழ். 140 × 60 பிக்சலில் வெள்ளைத் தாள், நாலு கறுப்புக் கோடு. தரம் 100 வைத்தாலும் 10 கேபி எட்டாமல் போகலாம். அறிவிப்பு அந்த அளவைக் கட்டாயமாக்காமல் பரிந்துரையாக மட்டும் சொல்லியிருந்தால் அதே விகிதத்தில் 280 × 120 ஆக்குங்கள்.

ஏற்றும்போது ‘கோப்பு வகை தவறு’ என்று வந்தால், பெரும்பாலும் யாரோ பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். பிஎன்ஜி கோப்பின் வாலில் ஜேபிஜி என்று எழுதினால் அது ஜேபெக் ஆகாது. வகையை உள்ளே முதல் சில பைட்டுகளே சொல்லிவிடும், தளம் அதைத்தான் பார்க்கிறது. விண்டோஸ் பின்னொட்டுகளை மறைத்து வைப்பதால் ‘போட்டோ.ஜேபிஜி.பிஎன்ஜி’ மாதிரியான பெயர்களும் உருவாகின்றன. எக்ஸ்ப்ளோரரின் ‘வியூ’ பட்டியலில் பின்னொட்டுகளைக் காட்டச் சொல்லிவிடுங்கள்.

போனில் நேராக இருந்த முகம் தளத்தில் படுத்துக் கிடந்தால் காரணம் வேறு. போன் படத்தைத் திருப்பாமல், ‘இப்படித் திருப்பிக் காட்டு’ என்று ஒரு குறிப்பை மட்டும் கோப்புக்குள் எழுதுகிறது. தளம் அந்தக் குறிப்பைப் படிக்கவில்லை. கணினி மென்பொருளில் திறந்து வெட்டி ஏற்றுமதி செய்தால் திருப்பம் படத்திலேயே பதிந்துவிடும்.

செல்போன் படங்கள்

ஐஃபோன் 2017-ல் ஐஓஎஸ் 11 வந்தது முதல் ஹெயிக் வகையில் எடுக்கிறது. ஜேபெக்கில் ஏறக்குறைய பாதி எடை, தரத்தில் குறையில்லை. ஸ்டூடியோ கணினியில் திறக்காது என்பதுதான் நடைமுறைச் சிக்கல். செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மேட்ஸ் போய் ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ தேர்ந்தால் இனி எடுப்பவை ஜேபெக். ஏற்கெனவே எடுத்த ஹெயிக் கோப்புகளை மாற்றிவிட்டு அசலை அழிக்காதீர்கள். அவைதான் மூலம், ஜேபெக் அனுப்புவதற்கு.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் பிக்சலும் குறையும், தரமும் குறையும், எடுத்த தேதி போன்ற குறிப்புகளும் அழியும். எச்டி தேர்ந்தாலும் சுருக்கம் உண்டு, அளவு மட்டும் கொஞ்சம் தாராளம். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் கோப்பு அப்படியே போய்ச் சேரும். அச்சுக்குப் போகும் எதையும் இப்படித்தான் அனுப்ப வேண்டும். ஆனால் அப்படியே போகிறது என்றால் எடுத்த இடத்தின் குறிப்பும் கூடவே போகிறது. வீட்டில் எடுத்த படத்தை அறிமுகமில்லாதவருக்கு அனுப்புமுன் அதை நீக்கிவிடுங்கள்.

பழைய ஆல்பத்தைக் காக்க

இங்கே டிஃப்தான். 1986-ல் ஆல்டஸ் நிறுவனம் உருவாக்கியது. 1992-ல் வந்த ஆறாம் பதிப்பே இன்றும் அடிப்படை. முப்பது வருஷத்துக்கு மேலாக மாறாமல், ஏறக்குறைய எல்லாப் பட மென்பொருளிலும் திறக்கிற வகை என்பதே அதன் பெரிய பலம். சுவடிகளையும் பழைய ஏடுகளையும் எண்ணிமமாக்கும் பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுநிலை ஆவணத் திட்டமும் மூலப் பிரதியாக டிஃப் கேட்கிறது.

6 × 4 அங்குலப் படத்தை 600 டிபிஐயில், 24 பிட் வண்ணத்தில் எடுங்கள். 3600 × 2400 பிக்சல், சுமார் 26 எம்பி. நூறு படம் 2.6 ஜிபி, ஒரு சாதாரணப் பென் டிரைவ் தாங்கும். கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ணத்திலேயே எடுப்பது நல்லது. மஞ்சள் கறையைப் பிறகு நீக்கும்போது வண்ணத் தகவல் உதவும். 35 மி.மீ. நெகட்டிவ் என்றால் 3200 டிபிஐயில் கிட்டத்தட்ட 4500 × 3000 பிக்சல் கிடைக்கும், 600 வைத்தால் தபால்தலை அளவுக்குத்தான் வரும்.

சேமிக்கும்போது சுருக்கம் கேட்கும். எல்இசட்டபிள்யூ அல்லது ஜிப் வையுங்கள், இரண்டிலும் இழப்பில்லை. அதே பட்டியலில் ஜேபெக் என்றும் ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தால் பெயருக்குத்தான் டிஃப், உள்ளே ஜேபெக் இழப்பு. 16 பிட் ஆழத்தில் எடுத்த படத்துக்கு எல்இசட்டபிள்யூ வேண்டாம், கோப்பு சில நேரம் பெருத்துவிடும். ஜிப் போதும்.

இடம் உண்மையிலேயே போதவில்லை என்றால் பிஎன்ஜி தாராளமாக வைக்கலாம், அதுவும் இழப்பற்றது. தரம் 95, 4:4:4 ஜேபெக்கும் பரவாயில்லை, அதன் மேல் மறுபடி எழுதாதவரை.

அச்சகத்துக்கு

அழைப்பிதழ், விசிட்டிங் கார்டு போன்று எழுத்து பிரதானமான வேலையைப் படமாக மாற்றி அனுப்பாதீர்கள். கோரல்டிராவிலோ இல்லஸ்ட்ரேட்டரிலோ செய்ததை பிடிஎஃப் ஆக்குங்கள். அதற்கு முன் எழுத்துகளைக் கர்வ் ஆக்குவது, அதாவது எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவங்களாக மாற்றுவது, கட்டாயம். பாமினி போன்ற பழைய எழுத்துரு அச்சகக் கணினியில் இல்லாவிட்டால் மணமக்கள் பெயர் ஆங்கில எழுத்துக் குவியலாக வரும். கர்வ் ஆக்கிய பிறகு எழுத்துப் பிழையைத் திருத்த முடியாது என்பதால், கர்வ் ஆக்காத கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

புகைப்படத்துக்கு அச்சாகும் அளவில் 300 டிபிஐ, டிஃப் அல்லது உயர்தர ஜேபெக். ஃபிளெக்ஸ் பேனர் தூரத்திலிருந்து பார்ப்பது, 72 டிபிஐ போதும். 10 × 8 அடிக்கு அதுவே 8640 × 6912 பிக்சல். திரையில் பளிச்சென்ற நீலமும் பச்சையும் அச்சின் நான்கு நிற சிஎம்ஒய்கே மையில் மங்கும். அச்சகம் சிஎம்ஒய்கே கேட்டால் பிஎன்ஜி உதவாது, அதில் அந்த வண்ணமுறையே இல்லை. ஸ்டூடியோ பிரிண்டுக்கு மட்டும் எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான திரை வண்ணமுறையில் ஜேபெக் கொடுத்தால் போதும்.

இணையதளத்துக்கு

கட்டுரைக்குள் வரும் புகைப்படம் 1200 முதல் 1600 பிக்சல் அகலம், ஜேபெக் தரம் 80. வெப்பி என்ற வகையில் வைத்தால் இன்னும் சிறுக்கும். கூகுள் 2010-ல் கொண்டுவந்தது, இன்றைய உலாவிகள் எல்லாம் காட்டும். இழப்புள்ள வெப்பியில் நிறம் எப்போதும் 4:2:0-தான் என்பதால் சிவப்பு எழுத்துப் போஸ்டர்களுக்கு அதன் இழப்பற்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். வெப்பியில் அகலமோ உயரமோ 16,383 பிக்சலுக்கு மேல் போகாது, நீளமான ஸ்கிரீன்ஷாட்டுகள் சேமிக்க மறுப்பது இதனால்தான். ஏவிஃப் என்ற வகை அதைவிடவும் சிறிது, சேமிக்க நேரம் பிடிக்கும். லோகோவுக்கு எஸ்விஜி, கணிதக் கோடுகளாக இருப்பதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. ஜிஃப்பில் 256 நிறங்கள் மட்டுமே, நிலைப்படத்துக்கு அதைத் தொட வேண்டாம்.

கேமராவின் ரா கோப்பு

கேமரா உணரி பதிந்ததைப் படமாக்காமல் அப்படியே வைப்பது ரா: கேனனில் சிஆர்3, நிக்கானில் என்இஎஃப், சோனியில் ஏஆர்டபிள்யூ. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிநிலை, 14 பிட் ராவில் 16,384. மண்டபத்தில் மஞ்சள் விளக்கின் கீழ் எடுத்த படத்தின் நிறத்தைச் சரிசெய்ய, நிழலில் கிடக்கும் முகத்தைத் தூக்க, இந்த வித்தியாசம்தான் கைகொடுக்கிறது. திருத்தங்கள் ரா கோப்புக்குள் எழுதப்படுவதில்லை. ராவைத் திருத்தும் லைட்ரூம் மென்பொருள் அவற்றைத் தன் பட்டியலில் வைக்கிறது, வேறு சில மென்பொருட்கள் பக்கத்தில் எக்ஸ்எம்பி என்ற சிறு கோப்பாக வைக்கின்றன. வேறு ஹார்டு டிஸ்குக்கு மாற்றும்போது ராவை மட்டும் எடுத்துப் போனால் திருத்தமெல்லாம் பின்தங்கிவிடும். எக்ஸ்எம்பியையும், லைட்ரூம் என்றால் பட்டியல் கோப்பையும், சேர்த்து எடுங்கள். முடித்த படங்களை டிஃப்பாகவும் ஒரு பிரதி வைத்துவிடுங்கள்.